வெள்ளமும் புயலும் வருமுன் வீட்டுப் பத்திரங்களைப் பாதுகாக்கும் முறை

2015 டிசம்பர் 1 ஆம் தேதி இரவு அடையாறு கரைபுரண்டபோது, சைதாப்பேட்டையை ஒட்டிய தெருவொன்றில் இருந்த என் பெரியப்பா வீட்டின் தரைத்தளத்தில் இடுப்பளவுக்குத் தண்ணீர் ஏறி இரண்டு நாள் அப்படியே நின்றது. தண்ணீர் வடிந்ததும் உள்ளே போனவர்கள் முதலில் தேடியது இரும்பு பீரோவின் அடித்தட்டில் இருந்த ரெக்சின் பையைத்தான். 1974 இல் எழுதிய கிரையப் பத்திரம் அதற்குள் இருந்தது. முத்திரைத்தாளில் அச்சாகியிருந்த பகுதிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஊற்றுப்பேனாவால் எழுதிய வரிகள்தாம் கரைந்து, பக்கம் முழுவதும் வெளிறிய நீலமாகப் பரவியிருந்தன. சார்பதிவாளர் அலுவலக முத்திரையின் ஊதா மை மூன்று தாள்களைத் தாண்டி இறங்கியிருந்தது.

ஆனாலும் அந்த வீடு காப்பாற்றப்பட்டதற்குக் காரணம் பெரியம்மாவின் பால் கணக்கு நோட்டு. அதன் கடைசிப் பக்கத்தில், மின் இணைப்பு எண்ணுக்குக் கீழே, பத்திர எண்ணையும் ஆண்டையும் சார்பதிவாளர் அலுவலகத்தின் பெயரையும் அவர் பென்சிலால் குறித்து வைத்திருந்தார். நோட்டு சமையலறை மேல்தட்டில் இருந்ததால் நனையவில்லை. அந்த எண்ணைக் கொண்டு பதிவு அலுவலகத்தில் சான்றிட்ட நகல் வாங்கிவிட முடிந்தது. அதே பையில் இருந்த, கொடுத்த கடனுக்கு எழுதி வாங்கிய ஒரு புரோநோட்டு மட்டும் கூழாகிப் போயிற்று. கடன் வாங்கியவர் நாணயமானவர் என்பதால் பணம் திரும்பி வந்தது. அவர் மறுத்திருந்தால் அதை நிரூபிக்கப் பெரியப்பா பெரும்பாடு பட்டிருக்க வேண்டும்.

ஆவணப் பாதுகாப்பைப் பற்றி நான் சொல்ல விரும்புவது ஏறக்குறைய முழுவதும் இந்த ஒரு பைக்குள் அடங்கியிருக்கிறது. நாம் பொதுவாக எது விலை மதிப்புள்ளதோ அதைப் பத்திரமாக வைக்கிறோம். பேரிடருக்கு ஆயத்தமாகும்போது கேட்க வேண்டிய கேள்வி வேறு: இந்தத் தாள் அழிந்தால், இதில் உள்ள செய்தி வேறு எங்காவது பதிவாகி இருக்கிறதா?

முதல் வேலை: பிரித்து அடுக்குதல்

வீட்டில் உள்ள எல்லாத் தாள்களையும் ஒரு விடுமுறை நாளில் தரையில் பரப்பி, மேற்சொன்ன கேள்வியை ஒவ்வொன்றிடமும் கேட்டுப் பிரிக்க வேண்டும். பதியப்பட்ட கிரையம், செட்டில்மென்ட், பாகப்பிரிவினை, பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் ஆகியவற்றின் படி சார்பதிவாளர் அலுவலகத்தின் புத்தகம் 1 என்ற பதிவேட்டில் இருக்கிறது. பட்டா வருவாய்த் துறையின் பதிவேட்டில் இருக்கிறது. பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவு, ஆதார், பான், குடும்ப அட்டை, பாஸ்போர்ட் எல்லாம் அரசிடம் மூலப் பதிவு உள்ளவை. மதிப்பெண் சான்றிதழுக்கு அரசுத் தேர்வுகள் இயக்ககமும், பட்டத்திற்குப் பல்கலைக்கழகமும், காப்பீட்டுக்கு அந்தந்த நிறுவனமும் பொறுப்பு. அலைச்சல் இருக்கும், செலவாகும், ஆனால் திரும்பக் கிடைக்கும்.

மிச்சம் இருப்பவைதாம் உண்மையில் ஆபத்தில் இருப்பவை. பதியாத உயில், புரோநோட்டு, அண்ணன் தம்பிகள் சொத்தைப் பிரித்துத் தமக்குள் எழுதிக்கொண்ட கூர்ச்சீட்டு, கைப்பட எழுதிய ரசீதுகள், தாத்தா காலத்து வரி ரசீதுகள், நிலத் தகராறு ஒன்றில் கை கொடுக்கக்கூடிய பழைய கடிதங்கள் ஆகியவற்றுக்கு உலகத்தில் ஒரே படிதான் உண்டு. இவை பெரும்பாலும் பத்திரக் கோப்பில்கூட இருப்பதில்லை. பழைய டைரிக்குள்ளோ, பூஜையறை அலமாரியில் பஞ்சாங்கத்துக்கு அடியிலோ கிடக்கும். தேடி எடுத்து ஒன்றாகச் சேர்ப்பதே பாதி வேலை.

இந்த ஒற்றைப் படிகளை இயன்றவரை இரட்டையாக்கிவிட வேண்டும். புரோநோட்டுக் கடனுக்கு வட்டியை ரொக்கமாக வாங்காமல் வங்கி வழியாக வாங்கினால், கடன் இருந்ததற்கு இன்னொரு தடயம் வங்கிக் கணக்கில் பதிவாகிவிடும். உயிலைப் பதிவு செய்வது கட்டாயம் இல்லை என்றாலும், பதிவு செய்தால் அதன் படி உயில்களுக்கான புத்தகம் 3 இல் ஏறிவிடும். எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை அந்தப் படியை அவரோ அவருடைய முகவரோ அன்றி வேறு யாரும் வாங்க முடியாது என்பதால், பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடுமோ என்ற தயக்கமும் தேவையில்லை. பதிவு செய்யவும் விருப்பமில்லை என்றால், 1908 ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 42 ஆவது பிரிவின்படி உயிலை முத்திரையிட்ட உறையில் வைத்து மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைத்துவிடலாம். பலருக்குத் தெரியாத வசதி இது. எதுவுமே செய்யாவிட்டாலும் ஒரு ஜெராக்ஸ் எடுத்து வேறு ஊரில் வையுங்கள்: எழுதியவர் இறந்தபின் உயில் தொலைந்தாலோ, அவர் செய்கையால் அன்றி விபத்தில் அழிந்தாலோ, பாதுகாக்கப்பட்ட நகலைக் கொண்டு நிரூபிக்க 1925 ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 237 ஆவது பிரிவு வழிவிடுகிறது. கைப்பேசியில் உள்ள படத்தையே உயிலாகக் கருதிவிட வேண்டாம். தகவல் தொழில்நுட்பச் சட்டம் உயிலைத் தன் வரம்புக்கு வெளியே வைத்திருக்கிறது.

எண்களைக் குறித்து வைத்தல்

பெரியம்மா தற்செயலாகச் செய்ததை நாம் முறையாகச் செய்ய வேண்டும். ஒரே ஒரு தாள் போதும். ஒவ்வொரு பத்திரத்துக்கும் ஆவண எண், ஆண்டு, பதிவான சார்பதிவாளர் அலுவலகம், பத்திர வகை, எழுதிக் கொடுத்தவர் மற்றும் வாங்கியவர் பெயர் ஆகியவற்றை எழுதுங்கள். சொத்து ஒவ்வொன்றுக்கும் கிராமம், வட்டம், சர்வே எண், அதன் உட்பிரிவு, பட்டா எண், சொத்து வரி மதிப்பீட்டு எண், மின் இணைப்பு எண் ஆகியவற்றைச் சேருங்கள். அதற்குக் கீழே பாஸ்போர்ட், காப்பீடு, வங்கிக் கணக்கு, குடும்ப அட்டை ஆகியவற்றின் எண்கள் வரட்டும். பதிவு அலுவலகங்களின் எல்லை அவ்வப்போது மாற்றி அமைக்கப்படுகிறது. உங்கள் பத்திரம் பதிவான அலுவலகம் ஒன்றாகவும், அந்தக் கிராமம் இன்று சேர்ந்திருக்கும் அலுவலகம் வேறாகவும் இருக்கக்கூடும். இரண்டையும் குறித்துக்கொண்டால் பின்னாளில் ஒரு நாள் அலைச்சல் மிச்சம்.

இந்தத் தாளை ஜெல் பேனாவால் எழுதாதீர்கள். தண்ணீர் பட்டால் ஓடிவிடக்கூடும். பென்சில் எழுத்து தண்ணீரில் கரைவதில்லை, சாதாரணப் பந்துமுனைப் பேனாவும் பெரும்பாலும் தாக்குப்பிடிக்கும். லேசர் அச்சிலோ ஜெராக்ஸிலோ எடுத்த நகலும் நல்லது. இங்க்ஜெட் அச்சு வேண்டாம். நான்கைந்து படி எடுத்து, வெளியூரில் உள்ள மகள் வீடு, தம்பி வீடு என்று கொடுத்து வையுங்கள். வெறும் எண்கள்தாமே என்று அலட்சியமாகவும் விட்டுவிடக் கூடாது. வங்கிக் கணக்கு எண்ணும் பாஸ்போர்ட் எண்ணும் இருப்பதால், நம்பிக்கையானவர்களிடம் மட்டுமே அது போக வேண்டும்.

எண் தெரியாவிட்டால் கலங்க வேண்டியதில்லை. சர்வே எண்ணையும் கிராமத்தையும் கொண்டு வில்லங்கச் சான்று போட்டால், அந்தச் சொத்தின்மீது நடந்த பதிவுகள் எண்ணோடும் ஆண்டோடும் வந்துவிடும். 1975 க்குப் பிந்தைய பதிவுகளைப் பெரும்பாலும் பதிவுத் துறையின் இணையதளத்திலேயே பார்க்கலாம். அதற்கு முந்தையவற்றுக்கு அலுவலகத்தில் மனுக் கொடுத்துத் தேட வேண்டும். மழைக்காலம் தொடங்குமுன் ஒரு முறை வில்லங்கச் சான்று எடுத்துக் கோப்பில் வைத்துவிட்டால், வேண்டிய எண்கள் எல்லாம் ஒரே தாளில் இருக்கும்.

நகல் எடுப்பதில் நடக்கும் தவறுகள்

கைப்பேசியில் படம் எடுத்துவிட்டேன் என்பவர்களின் படங்களைப் பார்த்தால், பத்துக்கு எட்டுப் பேர் முன்பக்கத்தை மட்டுமே எடுத்திருக்கிறார்கள். பதியப்பட்ட பத்திரத்தின் உயிர் பின்பக்கத்தில் இருக்கிறது. முத்திரைத்தாள் விற்றவரின் முத்திரை, யாருக்கு எந்தத் தேதியில் விற்றார் என்ற குறிப்பு, சார்பதிவாளரின் கையொப்பம், சாட்சிகள், இத்தனை தாள்கள் கொண்ட ஆவணத்தின் இத்தனையாவது தாள் என்ற குறிப்பு எல்லாம் அங்கேதான் இருக்கும். ஆகவே தாள் வரிசை மாறாமல், இரண்டு பக்கமும், ஓரங்கள் வெட்டுப்படாமல், பகல் வெளிச்சத்தில் நிழல் விழாமல் எடுத்து, ஒரு பத்திரத்துக்கு ஒரு பிடிஎஃப் கோப்பு என்று சேர்க்க வேண்டும். கோப்பின் பெயரில் பத்திர எண்ணும் ஆண்டும் இருக்கட்டும். எண்ணூறு படங்களுக்கு நடுவே பத்திரத்தைத் தேடுவது வெள்ள நேரத்தில் ஆகிற காரியம் இல்லை.

அரசு நடத்தும் இணைய ஆவணப் பெட்டகமான டிஜிலாக்கரைப் பற்றி ஒரு தெளிவு வேண்டும். அதில் அரசுத் துறைகள் நேரடியாக அனுப்பி வைக்கும் ஆவணங்கள் ஒரு பகுதியிலும், நாமே படம் எடுத்து ஏற்றியவை வேறு பகுதியிலும் இருக்கும். முதல் வகையை மூல ஆவணத்துக்குச் சமமாகக் கொள்ள வேண்டும் என்று விதி இருக்கிறது. இரண்டாவது வகைக்கு அந்தத் தகுதி இல்லை; அது நம் வீட்டுப் பெட்டியில் வைத்த நகலைப் போன்றதுதான். ஓட்டுநர் உரிமம், வாகனப் பதிவுச் சான்று, ஆதார் போன்றவற்றை முதல் வகையில் இழுத்து வைத்துக்கொள்வது பயனுள்ளது. கிரையப் பத்திரத்தை ஏற்றிவிட்டு மூலம் கையில் இருப்பதாக நினைத்துக்கொள்வது தவறு.

இணையத்தை மட்டும் நம்பவும் முடியாது. 2015 இல் சென்னையின் பல பகுதிகளில் நாள்கணக்கில் மின்சாரமும் கைப்பேசித் தொடர்பும் இல்லை. கைப்பேசியே நனைந்துவிட்டால், கணக்கைத் திறக்க வேண்டிய ஓடிபி எந்த எண்ணுக்கு வரும்? ஆகவே ஒரு படி இணையத்தில், ஒரு படி பென் டிரைவில் வெளியூர் உறவினர் வீட்டில், ஒரு படி தாளில் என்று மூன்று வகையாக வைப்பதே சரி.

உறையிடுதல்

இருப்பதிலேயே மோசமான பழக்கம் லேமினேஷன். தண்ணீரைத் தடுக்கும் என்று நினைத்துச் செய்கிறார்கள். ஓரத்தில் சிறு விரிசல் இருந்தாலும் தண்ணீர் உள்ளே போகும், போனது வெளியே வராது, தாளைப் பிரித்துக் காயவைக்கவும் முடியாது. அதிலும் சூட்டில் ஒட்டியதைப் பிரித்தால் மை பிளாஸ்டிக்கோடு வந்துவிடும். லேமினேட் செய்த தாளின் மீது அதிகாரி குறிப்பு எழுதவோ முத்திரை வைக்கவோ முடியாது என்பதும் இருக்கிறது. செய்துவிட்டவர்கள் அப்படியே விட்டு வையுங்கள். பிரிக்க முயல வேண்டாம்.

சரியான முறை எளியது. முதலில் குண்டூசி, ஜெம் கிளிப், ஸ்டேப்ளர் முள், ரப்பர் பேண்ட் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். இரும்பு துருப்பிடித்துத் தாளைத் தின்னும், ரப்பர் உருகி ஒட்டும். பதிவு அலுவலகத்தில் நூலால் தைத்துக் கொடுத்த கட்டை மட்டும் தொட வேண்டாம். பிறகு பத்திரத்தை மெல்லிய வெள்ளைத் தாளில் சுற்றி, தடித்த ஜிப்லாக் கவரில் போட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றி மூட வேண்டும். அந்தக் கவரைத் தலைகீழாக இன்னொரு ஜிப்லாக் கவருக்குள் போட்டு மூடினால், ஒரு வாயில் கசிந்தாலும் மற்றொன்று காக்கும். கடையில் கிடைக்கும் பளபளப்பான பிவிசி உறைகளில் ஜெராக்ஸ் எழுத்துகள் நாளடைவில் ஒட்டிக்கொண்டு பிரிந்து வருவதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். அவற்றைத் தவிர்த்துப் பாலிப்ரொப்பிலீன் உறைகளைக் கேட்டு வாங்குங்கள்.

ஒன்றை மறக்கக் கூடாது: மழை நாளில் உறையிடாதீர்கள். அன்றைக்குக் காற்றில் உள்ள ஈரமும் தாளோடு சேர்ந்து அடைபட்டு, ஆறு மாதத்தில் பூஞ்சையாகிவிடும். பங்குனி, சித்திரையில் ஒரு நல்ல வெயில் நாளில், தாள்களை நிழலில் காற்றாட விட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றைச் சேர்த்து மூடுவது நல்லது. ஆண்டுக்கு ஒரு முறை திறந்து பார்த்துப் பொட்டலத்தை மாற்றினால், கரையானும் இராமபாணப் பூச்சியும் எட்டிப் பார்த்திருக்கின்றனவா என்பதும் தெரிந்துவிடும். என் அனுபவத்தில் பேரிடர் அழித்த பத்திரங்களைவிடச் செல்லரித்த பத்திரங்களே அதிகம்.

இந்தக் கவர்களை எல்லாம் மூடியில் ரப்பர் வளையம் உள்ள, கைப்பிடியோடு கூடிய பிளாஸ்டிக் டப்பாவில் அடுக்கலாம். டப்பாவின் வெளியே பெயரும் ஒரு கைப்பேசி எண்ணும் அழியாத மையால் எழுதியிருக்க வேண்டும். தண்ணீரில் மிதந்து போனாலும் கண்டெடுத்தவர் கொண்டு வந்து கொடுக்க வழி இருக்கும். உள்ளே என்ன இருக்கிறது என்று மட்டும் வெளியே எழுதாதீர்கள். தீயைத் தாங்கும் பெட்டி வாங்குகிறவர்கள், அது தண்ணீரையும் தாங்குமா என்று தனியே கேட்டு வாங்க வேண்டும், ஒன்று மற்றொன்றாகிவிடாது.

எங்கே வைப்பது

உயரமான இடத்தில் வையுங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். வெள்ளத்துக்கு அது சரி. புயலுக்கு அது தவறாகிவிடலாம். 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யத்தை ஒட்டி கஜா புயல் கரையைக் கடந்தபோது, டெல்டா மாவட்டங்களில் ஓட்டு வீடுகளும் கூரை வீடுகளும் முதலில் இழந்தது மேற்கூரையைத்தான். அத்தகைய வீட்டில் பரண்மேல் வைத்த பத்திரம் முதலில் நனையும். 2004 டிசம்பர் 26 அன்று நாகப்பட்டினம் கடற்கரையில் கடல் வீடுகளையே கொண்டு போனபோது, பரணும் ஒன்றுதான், பீரோவும் ஒன்றுதான். ஆகவே நம் வீட்டுக்கு எது வரக்கூடும் என்று பார்த்து இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆற்றங்கரையிலும் ஏரிக்குக் கீழும் கான்கிரீட் வீட்டில் இருப்பவர்கள் சுவர் அலமாரியின் மேல்தட்டில் வைக்கலாம். ஓட்டு வீட்டில் இருப்பவர்கள் உட்சுவரை ஒட்டி, நெஞ்சளவு உயரத்தில் வைத்து, எச்சரிக்கை வந்ததும் எடுத்துக்கொண்டு புறப்பட வேண்டும். கடலோரத்தில் இருப்பவர்கள் மூலப் பத்திரத்தை வேறு ஊரில் வைப்பதே மேல்.

எங்கள் தெருவில் தண்ணீர் வந்ததே இல்லை என்ற பேச்சை நான் இனி ஏற்பதாக இல்லை. 2023 டிசம்பர் 17, 18 ஆம் தேதிகளில் தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. தாத்தா காலத்து அனுபவம் எதுவும் அந்த மழைக்கு உதவவில்லை.

வங்கி லாக்கர் நல்ல இடம்தான். ஆனால் அதைப் பற்றிப் பலருக்கு ஒரு தவறான நம்பிக்கை இருக்கிறது. 2022 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள ரிசர்வ் வங்கி விதிகளின்படி, தீ, திருட்டு, கட்டடம் இடிதல், ஊழியர் மோசடி ஆகியவற்றால் லாக்கரில் உள்ளவை போனால், லாக்கரின் ஆண்டு வாடகையைப் போல நூறு மடங்கு வரை வங்கி பொறுப்பேற்க வேண்டும். நிலநடுக்கம், வெள்ளம், இடி, மின்னல் போன்ற இயற்கைச் சீற்றத்தால் சேதம் ஏற்பட்டால் வங்கிக்கு அந்தப் பொறுப்பு கிடையாது; கட்டடத்தை உரிய கவனத்தோடு பராமரிக்க வேண்டும் என்பது மட்டுமே கடமை. எனவே லாக்கர் கேட்கும்போது அது தரைத்தளத்திலா, அடித்தளத்திலா, மாடியிலா என்று பாருங்கள். லாக்கருக்குள்ளும் பத்திரம் இரட்டை ஜிப்லாக் கவரில்தான் இருக்க வேண்டும். கணவன் மனைவி இருவர் பெயரிலும் லாக்கர் இருப்பதும், நியமனதாரர் (நாமினி) பெயர் கொடுத்திருப்பதும் அவசியம். உயிலின் மூலத்தை மட்டும் எழுதியவர் ஒருவரின் தனிப்பெயரில் உள்ள லாக்கரில் வைக்காதீர்கள். அவர் காலமானதும் தேவைப்படும் தாள் அது.

வீட்டுக்கடன் உள்ளவர்களின் மூலப் பத்திரம் வங்கியில் இருக்கும். ஒப்படைத்த ஒவ்வொரு தாளையும் குறிப்பிட்டு வங்கி கொடுத்த பட்டியல் கையில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் எழுத்து மூலம் கேட்டு வாங்குங்கள். கடன் முழுவதும் தீர்ந்த 30 நாளுக்குள் வங்கி பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும், தன் பக்கத்தால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு தர வேண்டும், அவை தொலைந்தோ சேதமடைந்தோ போயிருந்தால் சான்றிட்ட நகல் பெற உதவி செய்து அதன் செலவையும் ஏற்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதித்தது 2023 டிசம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ளது. பட்டியல் இல்லாமல் இந்த உரிமையைக் கேட்பது கடினம்.

எச்சரிக்கை வந்த நாளில்

வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் உருவான செய்தி வந்தவுடன் செய்ய வேண்டியவை சிலவே. டப்பா இருக்கும் இடம் வீட்டில் குறைந்தது இருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். நிவாரண முகாமுக்குப் போக நேர்ந்தால் உடனே தேவைப்படுபவை ஆதார், குடும்ப அட்டை, வங்கிக் கணக்குப் புத்தகம், மருத்துவக் காப்பீட்டு அட்டை ஆகிய நான்கும்தான். இவை மட்டும் தோளில் மாட்டும் சிறு பையில் தனியே இருக்கட்டும். 2023 இல் மிக்ஜாம் புயலுக்குப் பின் அறிவிக்கப்பட்ட 6,000 ரூபாய் நிவாரணம் ரேஷன் கடைகள் வழியாகவே வழங்கப்பட்டது என்பதை நினைத்தால், குடும்ப அட்டை எவ்வளவு விரைவில் தேவைப்படும் என்பது புரியும். பத்திர டப்பாவை எடுத்துப் போக முடியாவிட்டால், மேல்மாடி வீட்டாரிடம் கொடுத்துவிட்டுப் புறப்படுங்கள். தண்ணீர் உள்ளே வரத் தொடங்கிய பிறகு டப்பாவுக்காகத் திரும்பிப் போகக் கூடாது. எண்கள் வெளியூரில் இருக்கின்றன.

நனைந்துவிட்டால்

நம் ஊர்ப் புழுக்கத்தில் ஈரத் தாளில் 48 மணி நேரத்துக்குள் பூஞ்சை பிடிக்கத் தொடங்கிவிடும். ஆகவே வீட்டைக் கழுவுவதற்கு முன்பே பத்திரத்தைக் கவனிக்க வேண்டும். ஆனால் அவசரத்தில் செய்யும் காரியங்களே அதிகம் கெடுக்கின்றன. பெரியப்பா வீட்டில் ஒருவர் நல்லெண்ணத்தோடு இஸ்திரிப் பெட்டியை எடுத்து வந்தார். முதல் தாள் சுருண்டு, முத்திரை மை துணியில் ஒட்டிக்கொண்டு வந்தது. வெயிலில் போடுவதும், ஹேர் டிரையர் காட்டுவதும், மின்விசிறியை நேராக வைப்பதும் கூடாது.

ஈரத் தாள் மிகவும் வலுவிழந்தது. ஒற்றைத் தாளாகத் தூக்கினால் கிழியும். அடியில் ஒரு தட்டையோ பிளாஸ்டிக் தாளையோ செருகி, கட்டோடு சேர்த்து எடுங்கள். சேறு படிந்திருந்தால், மை கரையாத அச்சுத் தாளாக இருக்கும் பட்சத்தில் மட்டும், அகன்ற தட்டில் நல்ல தண்ணீர் ஊற்றி மெல்ல ஆட்டிக் கழுவலாம், தேய்க்கக் கூடாது. ஊற்றுப்பேனா எழுத்தாக இருந்தால் கழுவவே வேண்டாம், சேறு காய்ந்த பிறகு மென்மையான தூரிகையால் தட்டிவிடலாம். பிறகு மையில்லாத வெள்ளைத் தாள், மையொற்றுத் தாள் அல்லது பழைய பருத்தி வேட்டித் துண்டை மேலும் கீழும் வைத்து ஈரத்தை ஒற்றி எடுத்து, அந்தத் தாள்களை மணிக்கொரு தரம் மாற்ற வேண்டும். செய்தித்தாளை நேரடியாக வைக்காதீர்கள். அதன் மை ஏறிவிடும். ஒட்டிக்கொண்ட பக்கங்களை நகத்தால் பிரிக்க வேண்டாம். ஓரளவு காயும்போது பெரும்பாலும் தாமாகவே விடும். மின்விசிறி அறையில் ஓடட்டும், காற்று சுவரில் பட்டுத் திரும்பட்டும். முக்கால்வாசி காய்ந்ததும் இரு வெள்ளைத் தாள்களுக்கு நடுவே வைத்து மேலே கனமான புத்தகங்களை அடுக்கினால் சுருக்கம் நேராகும்.

தாள்கள் நிறைய இருந்து, ஒரே நாளில் எல்லாவற்றையும் கவனிக்க முடியாவிட்டால், மின்சாரம் உள்ள உறவினர் வீட்டுக்குக் கொண்டு போய், பிளாஸ்டிக் கவரில் போட்டு ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். விசித்திரமாகத் தோன்றும், ஆனால் உறைந்த தாளில் பூஞ்சை வளராது, மை மேலும் பரவாது. நூலகங்களும் ஆவணக் காப்பகங்களும் இதைத்தான் செய்கின்றன. பிறகு வசதிப்படும்போது சில கட்டுகளாக எடுத்துக் காயவைக்கலாம். பூஞ்சை ஏற்கெனவே பிடித்திருந்தால் முகக்கவசம் அணிந்துகொண்டு, முற்றிலும் காய்ந்த பிறகு வெட்டவெளியில் மென்தூரிகையால் தட்டுங்கள்.

திரும்பப் பெறுதல்

சேதத்தைக் கழுவுமுன் படம் எடுத்து வையுங்கள். நனைந்த பத்திரம் பீரோவில் இருக்கும் நிலையில் ஒரு படம், வீட்டின் சுவரில் தண்ணீர்க் கோடு தெரியும்படி ஒரு படம் இருந்தால், எப்படித் தொலைந்தது என்ற கேள்விக்குப் பின்னாளில் பதில் சொல்ல எளிதாக இருக்கும். பெரிய பேரிடர்களுக்குப் பின் அரசு சிறப்பு முகாம்கள் நடத்தி நகல் ஆவணங்களைக் கட்டணமின்றி வழங்குவதுண்டு. 2015 வெள்ளத்துக்குப் பின்னும் 2023 மழைக்குப் பின்னும் அப்படி நடந்தது. முகாமின் கடைசித் தேதியைத் தவறவிடாதீர்கள். அதன் பிறகு அதே வேலைக்குப் பல அலுவலகங்கள் ஏற வேண்டியிருக்கும்.

பாஸ்போர்ட், ஓட்டுநர் உரிமம், வாகனப் பதிவுச் சான்று, பள்ளி கல்லூரிச் சான்றிதழ், அடையாள அட்டை ஆகியவை தொலைந்திருந்தால் தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்திலேயே தொலைந்த ஆவண அறிக்கை பதிந்து ரசீது எடுத்துக்கொள்ளலாம். சொத்துப் பத்திரத்துக்குக் காவல் நிலையத்துக்கு நேரில் போக வேண்டும். புகார் கொடுத்து, விசாரணை முடிந்து, கண்டுபிடிக்க இயலவில்லை என்ற சான்று வாங்க வேண்டியிருக்கும். பத்திரிகையில் விளம்பரம், நோட்டரி முன் பிரமாணப் பத்திரம் ஆகியவற்றையும் வாங்குபவரோ கடன் கொடுக்கும் வங்கியோ கேட்பார்கள். இவற்றோடு பதிவு அலுவலகத்தின் சான்றிட்ட நகலும் சேர்ந்தால்தான் கோப்பு முழுமையாகும். பதிவுச் சட்டத்தின் 57 ஆவது பிரிவின்படி அந்த நகல் மூலத்தின் உள்ளடக்கத்தை நிரூபிக்கச் செல்லும் என்றாலும், சொத்தை விற்கும்போது மூலம் எங்கே என்ற கேள்வி எழாமல் இருக்காது; விற்கும் எண்ணம் இப்போது இல்லாவிட்டாலும் காவல் நிலையச் சான்றை அப்போதே வாங்கி வைப்பது நல்லது. வெள்ளம் வந்து பத்தாண்டு கழித்துப் போய்ப் புகார் கொடுத்தால் யார் நம்புவார்கள்?

பத்திரம் தொலையவில்லை, சேதமடைந்துதான் இருக்கிறது என்றால், தொலைந்ததாகப் புகார் கொடுக்கக் கூடாது. அது பொய்ப் புகார் ஆகும். சேதமடைந்த மூலமும் சான்றிட்ட நகலும் ஒரே கோப்பில் இருந்தாலே பெரும்பாலும் போதும். படிக்க முடியாத அளவுக்கு மை ஓடிப்போன தாளையும், பாதி கிழிந்த தாளையும், முத்திரை மட்டும் மிஞ்சிய துண்டையும் தூக்கி எறியாமல் காயவைத்து, ஒரு வெள்ளைத் தாளில் சுற்றித் தனி உறையில் வையுங்கள். பெரியப்பாவின் 1974 பத்திரம் இன்றும் அப்படித்தான் இருக்கிறது. அதைப் படிக்க முடியாது. ஆனால் கடைசித் தாளின் பின்பக்கத்தில் அழுத்தி வைத்த பதிவு முத்திரையின் ஒரு பாதியும், அதற்குள் ஆவண எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்களும் இன்னும் தெரிகின்றன. நகலில் உள்ள எண்ணோடு அவை பொருந்துகின்றன.